பூசானில் நான் காட்டிய மூன்று விரல்

தென் கொரியாவின் பூசான் நகரத்தில், இல்லை என்று சொல்வதற்கு வாய் தேவையில்லை. இரண்டு முன்கைகளையும் நெஞ்சுக்கு நேரே குறுக்காக வைத்துக் காட்டுவார்கள். கணக்கில் பெருக்கல் போடுவோமே, அதுபோல. கோபமான சைகை அல்ல. சிலர் சிரித்துக்கொண்டு காட்டுவார்கள், சிலர் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டபடி காட்டுவார்கள். மூன்று நாளில் அதை நான் ஏழு முறை பார்த்தேன். எட்டாவது முறையும் பார்த்தேன், பார்க்காதவன்போல நடந்துகொண்டேன். அந்த எட்டாவதை எழுதத்தான் இவ்வளவு நாளாகக் கை வரவில்லை. அந்த நகரத்தைப் பற்றி எழுதப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் நீல வீடுகளை எழுதலாம், பாலத்துக்குக் கீழே கடல் நிறம் மாறுவதை எழுதலாம், எழுதியும் பார்த்தேன். பத்து வரி தாண்டுவதற்குள் யாரோ ஒரு பெண் ஈரக் கைகளைத் துடைத்துவிட்டு அவற்றைக் குறுக்காக உயர்த்துகிறாள். வரி அங்கேயே நின்றுவிடுகிறது.

அதற்கு முந்தைய பனிக்காலத்தில் எங்கள் மகள் சாப்பிடுவதை விட்டிருந்தாள். ஒரே நாளில் அல்ல. முதலில் சோறு போயிற்று, பிறகு பாண், பிறகு பால். பதினாறு வயது. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி, ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே மேசையில் ஆறிப்போன கோப்பை, அதற்கு முன்னால் அவள். "வயிறு சரியில்லை அம்மா" என்பாள். "ஸ்கூல்லயே சாப்பிட்டிட்டன்" என்பாள். ஒருநாள் துவைக்கப் போட்ட ஜாக்கெட்டின் பைக்குள்ளிருந்து திசுத்தாளில் சுற்றிய சோறு கல்லாகக் காய்ந்து விழுந்தது. மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் சத்தம் போட்டேன். "சாப்பாட்டில பொய் சொல்லுறவளை வேற எதில நம்புறது?" என்று கேட்டேன். நோய் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை என்று சொல்லலாம். விளங்கிய பிறகும் உறவுக்காரர்களிடம் வெறும் வயிற்றுக்கோளாறு, "காஸ்ரிக்" என்றுதான் சொன்னோம். அந்தச் சொல் முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது.

மனைவி கத்தவில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளை மனம்வைத்து ஒரு நேரம் வயிறாரச் சாப்பிட்டால், அந்த நாளிலிருந்து ஒரு வருஷம் மச்சம் தொடமாட்டேன் என்பது நேர்த்தி. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல், மச்சம். இது சின்ன நேர்த்தி அல்ல. மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத பெண் அவள். கல்யாணம் கட்டிய புதிதில், மழை பெய்த ஞாயிற்றுக்கிழமையில்கூடப் பஸ் எடுத்து மீன்கடைக்குப் போனவள்.

மகள் சாப்பிடத் தொடங்கியது நாங்கள் நினைத்த எதனாலும் அல்ல. கொரியாவில் யாரோ முன்பின் தெரியாதவர்கள் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்து கன்னம் உப்பச் சாப்பிடும் வீடியோக்களை அவள் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாத பிள்ளை சாப்பாட்டைப் பார்ப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், திரையில் ஒரு பெண் நூடில்ஸை உறிஞ்ச, இங்கே இவளும் ஒரு கோப்பை நூடில்ஸை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து உறிஞ்சினாள். கடைசித் துளிவரை. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள். அன்று இரவே ஃபிறிட்ஜில் இருந்த மீன் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

பிறகு மகள் அந்த மொழியைப் படித்தாள். அங்கே போய்ச் சாப்பிடவேண்டும் என்றாள். அவளைக் கவனித்த ஆஸ்பத்திரிப் பெண்மணி, போகட்டும், திட்டமெல்லாம் அவளே போடட்டும் என்றார். அப்படித்தான் மார்ச் விடுமுறையில் நாங்கள் மூவரும் வழிகாட்டி யாருமில்லாமல் பூசானில் போய் இறங்கினோம். வழிகாட்டி இல்லை என்பதும் பிழை. மகளிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்தச் சுரங்கரயில், எத்தனையாவது வாசல், எந்தச் சந்தில் எந்தக் கடை, அங்கே என்ன சாப்பிடுவது என்று எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில் இருந்தது. கொப்பியோடு ஒரு அட்டையும். "என் அம்மா இறைச்சி, மீன், முட்டை சாப்பிடமாட்டார். மீனோ எலும்போ போட்டு அவித்த தண்ணீரும் கூடாது" என்று கொரிய எழுத்தில் அவளே எழுதியது. அம்மா ஏன் சாப்பிடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கவனமாக எழுதியிருந்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் கோலப்புள்ளி மாதிரி ஒரே அளவில் நின்றன.

அந்த ஊரில் கிழங்குக்குள்ளும் மீன் இருந்தது, கீரைக்குள்ளும் மீன் இருந்தது. அவர்களின் ஊறுகாயான கிம்ச்சியிலேயே உப்பிட்ட இறால் போடுவார்களாம். மகள் ஒவ்வொரு கடை வாசலிலும் அட்டையை இரண்டு கையாலும் நீட்டுவாள். அவர்கள் வாசிப்பார்கள். கைகள் குறுக்காகும்.

"பரவாயில்லை பிள்ளை, நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ, நான் உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பாள் மனைவி. "உலகத்தின்ர மற்றக் கரைக்கு வந்து நான் வாழைப்பழம் சாப்பிடுறன். அதுவும் டோர்செட் பார்க்கில விக்கிற அதே வாழைப்பழம்."

"அம்மா, சொறி" என்று மன்னிப்புக் கேட்பாள் மகள்.

"என்னத்துக்குச் சொறி? குரங்குக்கு வாழைப்பழம் குடுத்தா அது அழுமே?"

சிரித்தோம். ஆனால் இரண்டாம் நாள் மாலை மகள் பாதிக் கிண்ணத்தோடு நிறுத்தினாள். மூன்றாம் நாள் காலை, "அம்மாவும் சாப்பிடேல்லைத்தானே, எனக்கும் பெரிசாப் பசிக்கேல்லை" என்றாள். அந்த வசனத்தைக் கேட்டதும் எனக்குள் குளிர் இறங்கியது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அன்றுதான் மீன் சந்தை. ஜகல்சி. துறைமுகத்தை ஒட்டி, நீர்த்தொட்டிகளும் ரப்பர்ச் சப்பாத்துகளும் உரத்த குரல்களுமாக ஒரு பெரிய இடம். மகள் மனைவியை அங்கே கூட்டிப்போகத் தயங்கினாள். மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "சாப்பிடாம இருக்கத்தான் நேர்த்தி வச்சனான், பாக்காம இருக்க இல்லை." ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் நின்றாள். நீண்டநாள் காணாத சொந்தக்காரரை விசாரிப்பதுபோல விசாரித்தாள். "இஞ்ச பாருங்கோ, விளைமீன் மாதிரிக் கிடக்கு. கண்ணைப் பாருங்கோ, எவ்வளவு தெளிவு. உந்தக் கணவாயை நல்லாத் தேங்காய்ப்பால் விட்டு வச்சா..." என்று தொடங்கி, நிறுத்தி, உதட்டைக் கடித்துச் சிரித்தாள். மகளும் சிரித்தாள். ஒன்றரை மணிநேரம் அந்த வழுக்கும் தரையில் நடந்தோம். மழை தொடங்கியது. என் முழங்கால் நொந்தது. எனக்குப் பசித்தது. இந்த இரண்டையும் நான் சொல்லாமல் விட்டால் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும்.

சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலே மேசை போட்ட நூடில்ஸ் கடை. கண்ணாடி முழுக்க ஆவி. மனைவி உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்து நனைந்த சால்வையைப் பிழிந்தாள். மகள் என் கையில் அட்டையைத் தந்தாள். எதிர்ப்பக்கத்தில் ஹொத்தொக் விற்கும் வண்டி ஒன்று நின்றது. சீனிப்பாகும் விதைகளும் வைத்துப் பொரிக்கிற ரொட்டி அது. மச்சம் இல்லை என்று முதல்நாளே விசாரித்துவைத்திருந்தாள்.

"அம்மாவுக்கு அது வாங்கிக்கொண்டு வாறன். லைன் கொஞ்சம் லோங். அப்பா, முதல்ல அட்டையைக் காட்டுங்கோ. அவ ஓம் எண்டால் மட்டும் மூண்டு. இல்லாட்டி ரெண்டு. ஓகே?"

"ஓகே" என்றேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு என் வயது இருக்கும். ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினாள். உதடு அசைய வாசித்தாள். கைகளைக் குறுக்காக வைத்தாள். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்திருக்கவேண்டும். பெரிய பானையின் மூடியைத் திறந்து, கரண்டியை விட்டு அள்ளி எனக்கு முன்னால் நீட்டினாள். கரண்டிக்குள் ஐந்தாறு நெத்தலி. வெள்ளிச் செதில் கழன்று, கண் வெளுத்து. அந்த மணம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெத்தலிக் கருவாடு அவிகிற மணம் தெரியாத மூக்கு எங்கள் ஆட்களில் யாருக்கு உண்டு?

நான் மூன்று விரலைக் காட்டினேன்.

அவள் அட்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மனைவி இருந்த பக்கம் கண்ணால் காட்டினாள். மனைவியின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் தலையை ஆட்டிச் சிரித்தேன். இன்னொருமுறை மூன்று விரல். அட்டையை மடித்து ஜாக்கெட்டுப் பைக்குள் வைத்தேன்.

ஏன் என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். மூவரும் ஒரு மேசையில் ஒன்றாகச் சாப்பிட்டால் மகளும் சாப்பிடுவாள் என்று நினைத்தேன், அது உண்மை. மகளுக்காகத்தானே நேர்த்தி, அவளுக்காகவே அதை உடைத்தால் என்ன என்று ஒரு கணக்கும் ஓடியது, அதுவும் உண்மை. ஆனால் அவற்றுக்கெல்லாம் கீழே, மழைக்குள் மறுபடி இறங்கி இன்னொரு வாசலில் இன்னொரு முறை அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு ஏலாது என்பது இருந்தது. ஒன்பது மாதமாக வீட்டில் நடந்த அந்த விரதத்தின்மேல் எனக்கு ஒரு சலிப்பும் இருந்தது. பிள்ளையை எழுப்பியது மனைவியுடைய நேர்த்தி என்று எல்லாரும் பேசியபோது, நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் எதுவும் செய்யவில்லை. சத்தம் போட்டேன். அவ்வளவுதான்.

கிண்ணங்கள் வந்தன. மனைவி குனிந்து மணந்து பார்த்தாள்.

"என்னப்பா, ஒரு கருவாட்டு மணம் வருதே?"

"மீன் சந்தையில வேற என்ன மணக்கும்? உம்மட சால்வையே மணக்குது."

"அட்டையைக் காட்டினனீங்கள்தானே?"

"காட்டினனான். மரக்கறிதான் எண்டு சொன்னவ. குடியும், ஆறப்போகுது."

அவள் சால்வையை ஒருமுறை மூக்கில் வைத்துப் பார்த்தாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தன் மூக்கை விட்டுவிட்டு என் சொல்லை எடுத்துக்கொண்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஒன்பது மாதம் பருப்பும் கத்தரிக்காயும் தின்ற நாக்கு. அது எதை அடையாளம் கண்டது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியவில்லை. "என்ன ருசியப்பா" என்றாள். "வெறும் மரக்கறித் தண்ணியை இவ்வளவு ருசியா எப்பிடி வைக்கினம்?"

மகள் கடதாசிக் குவளைக்குள் சூடான ரொட்டியோடு உள்ளே வந்தபோது மனைவியின் கிண்ணம் ஏறக்குறைய முடிந்திருந்தது. "பாத்தியே, உன்ர ஆக்கள் கடைசியா அம்மாவுக்கும் சோறு போட்டிட்டினம்!" என்றாள் மனைவி. மகளின் முகம் விரிந்தது. உண்மையாகவே விரிந்தது. உட்கார்ந்து குச்சிகளை எடுத்து ஒரு பெரிய வாய் அள்ளிச் சாப்பிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று அந்தக் கணத்தில் நினைத்தேன்.

அப்போது கடைக்காரப் பெண் வந்தாள். அவளுக்கு மனம் கேட்கவில்லைபோல. தன் மத்தியானச் சாப்பாட்டிலிருந்துதான் எடுத்திருப்பாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் வெறுஞ் சோறும், தட்டில் நாலு கடற்பாசித் தாளும் கொண்டுவந்து மனைவிக்கு முன்னால் வைத்தாள். காலியான கிண்ணத்தைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"ஐயோ, எவ்வளவு நல்ல மனுசி" என்று மனைவி கைகூப்பினாள்.

மகள் கொரிய மொழியில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் தணிந்த குரலில் பதில் சொன்னாள், என் பக்கம் ஒருமுறை பார்த்தாள், இடுப்பளவில் கைகளை மெல்லக் குறுக்காக வைத்தாள். மனைவி கடற்பாசிக்குள் சோற்றைச் சுற்றுவதில் இருந்தாள். மகள் எழுந்து அந்தப் பெண்ணுக்குத் தலை குனிந்தாள். பிறகு உட்கார்ந்தாள். குச்சிகளை மேசையில் பக்கத்துப் பக்கமாக நேராக வைத்தாள்.

"ஏன் பிள்ளை வச்சிட்டாய்?"

"வயிறு சரியில்லை அம்மா."

அடுத்த நாள் காலை கடற்கரையில் மனைவி காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலையில் கால் நனைக்கப் போனாள். நாங்கள் இருவரும் மணலில் நின்றோம். மகள் கடலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"அப்பா, யூ ஹாவ் டு ரெல் ஹேர்."

"சொல்லுறன். இஞ்ச வேண்டாம், அம்மா சந்தோசமா இருக்கிறா. ரொறன்ரோ போய்ச் சொல்லுறன்."

"நான் சோறை ஜாக்கெட்டுக்குள்ள வச்ச நேரம் என்ன சொன்னனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கா?"

நான் மணலைப் பார்த்தேன்.

"நான் இனிமேல் சாப்பாட்டில பொய் சொல்லுறேல்லை எண்டு அம்மாவுக்குப் புறொமிஸ் பண்ணினனான். இப்ப உங்களால சொல்லிக்கொண்டு நிக்கிறன். ஒவ்வொரு முறை அம்மாவோட இருந்து சாப்பிடேக்கையும் சொல்லுறன். இட்ஸ் நொட் ஃபெயார், அப்பா."

தூரத்தில் மனைவி கையை ஆட்டினாள், படம் எடுக்கச் சொல்லி. எடுத்தேன். படத்தில் அவள் சிரிக்கிறாள்.

ரொறன்ரோ வந்தோம். சொல்லவில்லை. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. பக்டரியில் ஷிப்ட் மாறிவிட்டது என்று எனக்கு நானே சொன்னேன், அவளுக்குத் தலையிடி என்று சொன்னேன், வெள்ளிக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமையும் வேண்டாம். மகள் சாப்பிட்டாள், ஆனால் அளந்து. கரண்டியை எடுக்கும் முன் ஒருமுறை என்னைப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன். மனைவி விருந்தாளிகளுக்குப் பூசான் கதை சொன்னாள். "ஒரு மரக்கறிச் சூப் குடிச்சனான் பாருங்கோ, சீவியத்தில மறக்கமாட்டன்." அதன் செய்முறையைத் தேடிப் பார்க்கச் சொல்லி மகளைக் கேட்டாள். காளான் போட்டாள், முள்ளங்கி போட்டாள், மூன்று முறை வைத்துப் பார்த்தாள். "ஏதோ ஒண்டு குறையுது, என்னெண்டுதான் பிடிபடேல்லை" என்று கரண்டியை எனக்கு நீட்டினாள். நான் வாங்கிக் குடித்து, "எனக்கும் தெரியேல்லை" என்றேன்.

ஆனியில் வருஷம் முடிந்தது. நேர்த்தியைப் பூர்த்திசெய்ய ஒரு ஞாயிறு காலை மோதகமும் பழமும் வைத்த தட்டத்தை மடியில் ஏந்திக்கொண்டு மனைவி காரில் ஏறினாள். மகள் பின்சீட்டில். அன்று கோயிலால் வந்து மீன் சமைப்பதாக இருந்தது. மீன்கூட வாங்கி வைத்தாயிற்று. கோயில் வளவில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். மனைவி கதவில் கை வைத்தாள். கண்ணாடியில் மகளின் கண் தெரிந்தது. அந்தப் பிள்ளை என்னை மிரட்டவில்லை. நான் சொல்லமாட்டேன் என்று முடிவுகட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பொறும். பூசானில குடிச்ச அந்தச் சூப்... அது மரக்கறி இல்லை. நெத்தலி. அவ எனக்குக் காட்டினவ. தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். தட்டத்தில் சரிந்திருந்த ஒரு மோதகத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கு மணந்தது" என்றாள். "நான் கேட்டனான்."

"ஓம்."

"என்ர சால்வை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

பின்பக்கம் திரும்பாமலே, "உனக்குத் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா. ஐ ஆம் சொறி."

"நீ ஏன் சொறி சொல்லுறாய்?" குரல் அப்போதுதான் உடைந்தது. "அப்ப மூண்டு மாசமா நீ அதையும் வயித்துக்குள்ள வச்சுக்கொண்டே சாப்பிட்டனி?"

மகள் அழுதாள். மனைவி இறங்கிப் பின்கதவைத் திறந்து, ஒரு கையில் தட்டத்தோடு மறுகையால் அவளை இறக்கினாள். நானும் இறங்கினேன். "நானும் உம்மோட சேந்து ஒரு வருஷம் இருக்கிறன்" என்றேன். அந்த வசனத்தை நான் காரில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அது அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"உங்கட நேர்த்தியை நீங்கள் உங்கட பாட்டில வையுங்கோ" என்றாள். "என்ரதில பங்கு கேக்காதேங்கோ."

இருவரும் உள்ளே போனார்கள். அன்று பூர்த்தி இல்லை. அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினாள். பூசானிலிருந்து கணக்கு வைத்தால் மூன்று மாதம் கழிந்துவிட்டது என்று மகள் சொல்லிப் பார்த்தாளாம். தெரிந்த நாளிலிருந்துதான் நாள் என்றாளாம் மனைவி. இதெல்லாம் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டவில்லை.

வாங்கிவைத்த மீனை அவள் வீணாக்கவில்லை. அன்று மத்தியானமே எங்களுக்குச் சமைத்தாள். மச்சம் தொடாதவள் மீன்குழம்பு வைத்தால் உப்புப் பார்க்க ஆள் வேண்டும். முந்தைய வருஷம் முழுக்க, "இஞ்ச வாங்கோ, ஒருக்கா உப்புப் பாருங்கோ" என்று என்னைத்தான் கூப்பிடுவாள். அன்றும் நான் குசினி வாசலுக்குப் போய்விட்டேன். பழக்கம். அவள் கரண்டியோடு என்னைக் கடந்து அறைப்பக்கம் பார்த்து மகளைக் கூப்பிட்டாள்.

மகள் வந்தாள். அம்மாவின் உள்ளங்கையில் ஊற்றிய குழம்பை நக்கிப் பார்த்தாள். யோசித்தாள். இன்னொருமுறை கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"கொஞ்சம் காணாது அம்மா."

"வடிவாச் சொல்லு. நான் உன்னை நம்பித்தான் போடுறன்."

"சத்தியமாக் காணாது. போடுங்கோ."

போட்டாள். இரண்டாம் வருஷம் இப்போது நடக்கிறது. குழம்பு வைக்கும் நாட்களில் நான் வரவேற்பறையில் இருந்து அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்து போவதில்லை.